வில்லியமின் அறுபத்தாறு மணி நேரம்

ஹலோ... ஹலோ, ஹெட் ஆபிஸ் ஐ.டி.யா?... சுபாஷினியா? அப்பாடா. நான் மர்ஜானா பேசுறேன், பினாங்கு பிராஞ்ச்... ஆமா, அந்த மர்ஜானா அக்காதான். திங்கக்கெழம போன்ல சொல்லிக் குடுத்தியே, அந்த வேவு பாக்குற சாமான எல்லாக் கம்ப்யூட்டர்லயும் போடச் சொல்லி...

சரி, சரி. வேவு இல்ல. டெலிமெட்ரி. தப்புதான்மா. யாரு எப்ப மவுஸத் தொட்டா, எத்தன எழுத்து அடிச்சா, எத்தன நிமிஷம் சும்மா ஒக்காந்திருந்தான்னு கே.எல். ஹெட் ஆபிஸுக்குக் கோள் மூட்டுற ஏஜன்ட். அத வேவுன்னு சொன்னா பாவம்.

இரு... ம். ஒண்ணுமில்ல, மவுஸ ஆட்டிக்கிட்டேன். அஞ்சு நிமிஷம் ஆட்டலைன்னா செவப்பு கட்டம் வந்து நிக்குதுல்ல. எடது கையில போனு, வலது கையில மவுஸு. இப்பிடித்தான் நாலு நாளா வேல ஓடுது.

சரி, விஷயத்துக்கு வர்றேன். காலையில எச்.ஆர்.லேருந்து எங்க பிராஞ்ச் ரிப்போர்ட் வந்திச்சு. நீ பாத்தியா?... பாக்கலையா? ஓன் ஸ்கிரிப்ட் எழுதுன ரிப்போர்ட்டும்மா, நீயே பாக்கலையா. நான் படிக்கிறேன், கேளு. பினாங்கு பிராஞ்ச், மொத்தம் எட்டு ஊழியர். மர்ஜானா, சைபர். நூர் ஃபாத்திஹா, சைபர். ஐமான், சைபர். இத்ரீஸ், சைபர். இப்பிடியே எட்டுப் பேருக்கும் வரிசையா சைபர். கடைசியில ஒரே ஒரு பேரு, பச்ச கலர்ல. வில்லியம். ஒரு நாளைக்கு அறுபத்தாறு மணி நேரம் வேல.

...ஆமா. அறுபத்தாறு.

...ஒரு நாளைக்குத்தான்மா. வாரத்துக்கு இல்ல. நான் கண்ணாடி போட்டுட்டுத்தான் படிக்கிறேன்.

...யாரா? அங்கதான் வர்றேன். வில்லியம் அங்கிள் எங்க பழைய ஹெட் கிளார்க். ரிட்டையர் ஆகி ஏழு வருஷம் ஆவுது. இப்ப தாசேக் கெலுகோர் கிராமத்துல வாத்து வளக்கிறாரு... இல்லலா, உயிரோடதான் இருக்காரு. வருஷா வருஷம் கிறிஸ்மஸுக்கு கேக் கொண்டாந்து குடுப்பாரு. வேலதான் செய்யல.

பின்ன எப்பிடி அறுபத்தாறுன்னா... கோவப்படக் கூடாது, சரியா? இங்க இருக்கிற ஏழு கம்ப்யூட்டரையும் நாங்க அவரு பேர்லதான் தொறப்போம்.

...ஆமா. எல்லாரும்.

...ஆமா, பாஸ்வோர்ட் எல்லாருக்கும் தெரியும். ஸ்கிரீனுக்குக் கீழ செலோடேப்ல ஒட்டியிருக்கு.

...கத்தாத. மொதல்ல காரணத்தக் கேளு. பிரிண்டர். இந்த ஆபிஸ்ல பிரிண்டர மாட்டுனதே வில்லியம் அங்கிள்தான், அவரு பேர்ல. அவரு பேர்ல போனா அடிக்கும். ஏம் பேர்ல போனா 'பிரிண்டர் இல்லை'ன்னு சொல்லும். கண்ணு முன்னாடி நிக்குது, இல்லைன்னு சொல்லும். கப்பல் வந்து நிக்கிறப்ப சுங்கத்துக்குக் கஸ்தாம் பாரம் அடிச்சிக் குடுக்கணுமா, பிரிண்டர்கூட சண்ட போடணுமா? அதான், அவரு போனதுக்கப்புறமும் அவரு பேரு போவல.

...கம்ப்ளேன் பண்ணேனே. நாலு தடவ. 'நடவடிக்கை எடுக்கப்படுகிறது'ன்னு பதில் வந்திச்சு. நாலு வருஷமா எடுத்துக்கிட்டே இருக்கீங்க... சரி, அது நீ வர்றதுக்கு முன்னாடி. ஒன்ன சொல்லல.

ஆனா இத ஒன்ன சொல்றேன். திங்கக்கெழம நீ என்ன சொன்ன? 'அக்கா, பென்டிரைவ போடுங்க, ஸ்கிரிப்ட டபுள் கிளிக் பண்ணுங்க, கறுப்பு ஸ்கிரீன் வரும், என்ன கேட்டாலும் ஒய் அடிங்க.' சொன்னியா இல்லையா?... சொன்ன. நானும் ஒவ்வொரு மேசையாப் போயி, எல்லாரையும் எந்திரிக்க வச்சி, ஒய் அடிச்சேன். நடுவுல ஒண்ணு கேட்டிச்சு, இப்ப உள்ள இருக்கிற பேர்லயே பதிஞ்சிக்கவான்னு. அதுக்கும் ஒய். ஏழு தடவ ஒய். நீ சொன்னதத்தான் செஞ்சேன்.

...அறுபத்தாறா? அதையும் கூட்டிப் பாத்துட்டோம். நாங்க ஆறு பேரு, ஆளுக்கு ஏழு மணி நேரம், நாப்பத்திரெண்டு ஆச்சா? மிச்சம் இருபத்துநாலு ஐமானோடது... இல்ல, அவன் தெனமும் அஞ்சரைக்கே வீட்டுக்குப் போயிடுவான். செவப்பு கட்டம் வந்துடப் போவுதுன்னு பயந்து, மவுஸத் தூக்கி டேபிள் ஃபேன் கழுத்துல கட்டியிருக்கான். ஃபேன் இந்தப் பக்கம் திரும்புனா மவுஸும் திரும்பும். நாலு நாளும் போறப்ப ஃபேன நிறுத்த மறந்துட்டான். ராத்திரி பூரா வில்லியம் அங்கிள் வேல பாத்திருக்காரு.

...சிரிக்காதம்மா. எனக்கும் காலையில சிரிப்புதான் வந்திச்சு. அதுக்கப்புறம் எச்.ஆர். போட்ட ரெண்டாவது மெயில படிச்சேன். இப்ப சிரிப்பு வரல. இன்னிக்கு சாயந்தரம் அஞ்சு மணிக்கு, ரிப்போர்ட்ல ஒரு நாளைக்கு நாலு மணி நேரத்துக்குக் கீழ வாங்குன அத்தன பேருக்கும் வேல நிப்பாட்டுற லெட்டர் போவுது. மொதலாளி டத்தோ கையெழுத்து. இங்க எட்டுப் பேருக்கும்.

...ஆமா, எனக்கும்தான். பத்தொம்பது வருஷம், சுபாஷினி. லெட்டர்ல ஏம் பேர சரியா போட்டிருப்பாங்களோ என்னமோ.

...எச்.ஆர்.க்கு சொல்லாம இருப்பேனா? மொத வேலையா சொன்னேன். 'சிஸ்டம் பொய் சொல்லாது மேடம்'ங்குது அந்தப் பொண்ணு. ரிட்டையர் ஆன மனுஷன்மான்னேன். அத டத்தோகிட்ட போயி சொல்லியிருக்கு. அவரு என்ன சொன்னாராம் தெரியுமா? ரிட்டையர் ஆகியும் சம்பளம் வாங்காம வந்து ஒழைக்கிறாரே, இதல்லவா விசுவாசம்னு கண்ணு கலங்கிட்டாராம். வில்லியம பினாங்கு மேனேஜர் ஆக்கப் போறாராம். நாங்க எட்டுப் பேரும் கெளம்பிட்டா வில்லியம் மட்டும் போதுமாம். மூணு மணிக்கு அவரே போன் போட்டுப் பேசுறாராம்.

...யாருமே கேக்கல. அத்தன பெரிய ஆபிஸ்ல, அத்தன படிச்சவங்க, ஒரு நாளைக்கு எத்தன மணி நேரம்னு ஒருத்தர்கூடக் கேக்கல.

சரி, இத எப்பிடி மாத்துறதுன்னு சொல்லு. மெஷினுக்கு மெஷின் நம்பர் இருக்குல்ல? ஒண்ணாம் நம்பர் நானு, ரெண்டாம் நம்பர் ஃபாத்திஹா, அப்பிடிப் பிரிச்சிப் போடேன்... முடியாதா? ஏன்?... ஓ. பேரு மட்டுந்தான் எடுக்குமா... சரி, இப்பவே ஏழு மெஷின்லயும் அவங்கவங்க பேர்ல மறுபடி போடுறோம்... அப்ப இந்த நிமிஷத்துலேருந்துதான் கணக்கு ஆரம்பிக்குமா? அஞ்சு மணிக்கு ஆளுக்கு ரெண்டு மணி நேரம் காட்டும். சைபருக்கு ரெண்டு தேவலன்னு டத்தோ நெனப்பாராக்கும்.

அப்புறம் இத்ரீஸ் அண்ணன் இருக்காரே, அவர என்ன பண்றது? அவருக்கு மேசையே கெடையாது. விடிஞ்சா பட்டர்வொர்த் தொறமுகம், கன்டெய்னர் கன்டெய்னரா ஏறி எறங்கி, சீல் நம்பர் பாத்து, சாமான வெளிய எடுத்துட்டுத்தான் வீட்டுக்குப் போவாரு. அந்த மனுஷன் ஒரு நாள் வரலைன்னா இந்த ஆபிஸே படுத்துடும். அவரு பேர்ல நூறு தடவ ஸ்கிரிப்ட் போட்டாலும் சைபர்தான். ஏன்னா அவரு மவுஸத் தொட்டதே இல்ல. ஃபேனுக்கு இருபத்துநாலு, இத்ரீஸ் அண்ணனுக்கு ஒண்ணுமில்ல.

நீ போயி டத்தோகிட்ட ஒரு வார்த்த சொல்லேன், சுபா. 'ஸ்கிரிப்ட்ல ஒரு கோளாறு, ஒரு வாரம் டைம் குடுங்க'ன்னு. நீ எழுதுனது, நீ சொன்னா நம்புவாங்க... ஏன்?... பயமா? ஒனக்கு என்ன பயம், நீ கே.எல்.ல ஏசிக்குக் கீழ ஒக்காந்து எங்கள எண்ணிக்கிட்டு இருக்க. எங்க தலைக்கு மேல கத்தி தொங்கும்போது ஒனக்கு...

...என்ன?

...இரு. மறுபடி சொல்லு.

...ஒனக்கு எவ்ளோ?

...நாலு நாளுக்கும் சேத்து நாப்பது நிமிஷமா? எப்பிடிம்மா? காலையிலேருந்து சாயந்தரம் வரைக்கும் ஓன் லைன் பிஸியாத்தானே இருக்கு, நானே பதினோரு தடவ அடிச்சி இப்பத்தான் கெடச்ச...

...ஓ.

...ஆமால்ல. போன்ல பேசுனா மவுஸு அசையாது.

அப்ப இப்ப எங்கூடப் பேசிக்கிட்டிருக்கியே, இந்த இருவது நிமிஷமும் நீ சும்மா ஒக்காந்திருந்ததாக் கணக்கா?... அல்லாவே. நீயும் லிஸ்ட்லயா?... ஓன் சாமானே ஒன்ன வெட்டுதா... அழாத. சுபா. அழாதம்மா. நான் வாய வச்சிக்கிட்டு சும்மா இருந்திருக்கணும். ஏசின்னு சொன்னேன் பாரு, அதத் திருப்பி எடுத்துக்கிறேன்.

...யாருகிட்டயும் சொல்லலையா? வீட்லயும் தெரியாதா?... ம். ...ம். ...புரியுது.

இங்க பாரு. மூக்கத் தொடச்சிக்க. ஒண்ணு கேக்குறேன். நம்ம ரெண்டு ஆபிஸும் ஒரே நெட்வொர்க்தானே? அங்கேருந்து ஒருத்தர் பினாங்கு பேர்ல உள்ள வர முடியுமா?... முடியும்ல. பேனா எடு. பேரு வில்லியம். பாஸ்வோர்ட் அவரு சம்சாரம் பேரு, அமலம்மாள். இடையில எடம் விடாத, கடைசியில ஒண்ணு ரெண்டு மூணு.

...தப்புதான். நாங்க ஏழு வருஷமாப் பண்ற தப்பு. கேளு, ஓன் பக்கத்துல லிஸ்ட்ல இன்னும் யாரு யாரு இருக்காங்க?... அக்கவுண்ட்ஸ்ல நாலு பேரா? அவங்களுக்கும் குடு. எல்லாரும் வில்லியமா வாங்க. அஞ்சு மணிக்குள்ள அவரு கணக்குல இன்னும் பத்து மணி நேரம் ஏறட்டும். பினாங்குலயும் கே.எல்.லயும் ஒரே நேரத்துல ஒக்காந்திருக்கட்டும். அப்பவாச்சும் ஒருத்தருக்கு சந்தேகம் வருதான்னு பாப்போம். வரலைன்னாலும் அவர யாரும் வேலைய விட்டுத் தூக்க முடியாது. அவருதான் போயி ஏழு வருஷம் ஆச்சே.

...வந்துட்டியா உள்ள? பிரிண்டர் தெரியுதா?... பாத்தியா. நான் சொன்னேன்ல.

இரு. மேசப் போனு அடிக்குது... மணி மூணு. டத்தோதான். ...இல்லம்மா, நீ வைக்காத. அப்பிடியே காதுல வச்சிக்கிட்டுக் கேளு. ஏதாச்சும் ஆச்சுன்னா நீ சாட்சி.

...எனக்கும்தான் பயம். என்ன செய்றது, எடுத்துத்தானே ஆவணும்.

ஹலோ, பினாங்கு பிராஞ்ச்... செலாமட் பெத்தாங், டத்தோ... ஆமா, டத்தோ... வில்லியமா? இருக்காரு, டத்தோ. கூப்பிடுறேன். ஒரே ஒரு கேள்வி மட்டும் கேட்டுக்கிறேன்.

எந்த வில்லியம் வேணும், டத்தோ? ஏழு பேரு மேசையில இருக்கோம். ஒருத்தரு தொறமுகத்துல கன்டெய்னர் மேல நிக்கிறாரு.

...ஆமா, டத்தோ. எட்டுப் பேரும்தான்.

...ஹலோ?

...ஹலோ, டத்தோ?

...சுபா, வச்சிட்டாரு. நீ லைன்ல இருக்கியா? ...ம். இரும்மா, செவப்பு கட்டம் வந்திடுச்சு, மவுஸ ஆட்டிட்டு வர்றேன்.