சூட்டில் விட்ட குடுவை

— அந்தக் குடுவையைத் தூக்கிப் போட்டுடு எப்சி. நேத்து கரண்ட் போனப்போ லேபிலயே வெந்து கெடந்த பாக்டீரியா அது. நல்லதைத்தான் நான் தோஸ்த் ரஃபி வீட்டுல ஜெனரேட்டர்ல ஓடுற ஏசி ரூம்ல வெச்சுப் பத்திரமா எடுத்தாந்தேனே.

— உன் நல்லதைப் பாரு ஆபித். செல்லை உடைச்சுப் பாத்தா, அது செஞ்ச நம்ம என்ஸைம் பூரா திரிஞ்ச பால் மாதிரி அடியில கட்டி தட்டிப் போச்சு. ஒரு முடியைக்கூடக் கழட்டாது.

— அய்யோ! அப்பா வாணியம்பாடியில கெளம்பிட்டேன்னு எஸ்டிடி பூத்துல இருந்து ஃபோன் பண்ணிட்டாரு. ஆட்டுத்தோல்ல முடி கழலலன்னா படிப்பை வுட்டுட்டு அவரு தோல் பதனிடுற டேனரிக்கு வந்துடணுமாம், இன்னிக்கே. பெட்டிகூடக் கட்டி வெச்சிட்டேன்.

— சும்மா பேஜார் பண்ணாத. நீ வெந்துடுச்சுன்ன குடுவையைப் பாரு. கட்டியே இல்ல, தெளிவா நிக்குது. என்ஸைம் கரைஞ்சே இருக்கு.

— அதெப்படி? பத்திரமா வெச்சது கெட்டு, சூட்டுல வுட்டது நல்லா இருக்குமா?

— சூடு பட்டா செல்லுக்குள்ள புரதமெல்லாம் மடிப்புக் கலைஞ்சு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். அதைத் தடுக்க செல்லு துணைப் புரதங்களை ஜாஸ்தியா செஞ்சு வெச்சுக்கும். கரண்ட் வந்து ஆறினப்புறம்தானே நாம என்ஸைமைச் செய்ய வுட்டோம்? அதுக்குள்ள துணை ரெடி.

— அதுங்கதான் என்ஸைமை மடிச்சு வுட்டுதா?

— மடிக்கல. எப்படி மடியணும்னு அதுக்கே தெரியும். கண்டதோட ஒட்டிக்காம கொஞ்ச நேரம் தனியா வெச்சிருந்து, அப்புறம் வுட்டுடும். அவ்ளோதான்.

— இதை எங்கப்பாவுக்குச் சொல்லு நீ. அய்யோ, கார் சத்தம்! வந்துட்டாரு எப்சி!

— வரட்டும். காலையிலயே இந்தக் குடுவையோட தெளிஞ்ச தண்ணியிலதான் தோலை ஊற வெச்சேன். வாங்க பாய், வாங்க. இதோ தோலு.

— இன்னாம்மா, சல்ஃபைடு நாத்தமே இல்ல?

— முடி கழட்ட அந்த மருந்தைப் போடவே இல்ல பாய், என்ஸைம் மட்டும்தான். நம்ம டேனரியில பாக்குற மாதிரியே கட்டைவிரலால தள்ளிப் பாருங்க.

— யா அல்லா, முடி வேரோட வருதே! தோலுல ஒரு கீறல் இல்ல. ஆபித், இங்க வா. பெட்டி கட்டிட்டியா?

— கட்டிட்டேன்பா.

— பிரிச்சிடு பேட்டா. நீ டேனரிக்கு வர வேணாம், நாளைக்கு நான் தோலை எடுத்துக்கிட்டு இங்க வர்றேன்.