ஓரத்திலிருந்து அறுத்த புல்

பனி உலர்ந்த பிறகு புல் அறுப்பதுதான் நல்லது, ஐயா. ஈரத்தோடு குவித்தால் உள்ளே புழுங்கிக் கெட்டுவிடும். அன்றும் வெயில் ஏறும் வரை காத்திருந்தேன்.

எங்கள் மலைச்சரிவுப் புல்லில் கிரிஸ்டெல் என்றொரு பறவை முட்டையிடும். கவுதாரி அளவுதான். ஆபத்து வந்தால் பறக்காது, பதுங்கிக்கொள்ளும். அதற்காக ஜூலை முடியும்வரை அறுக்காமல் விடுகிறவர்களுக்கு அரசாங்கம் மானியம் தருகிறது. அறுக்கும்போதும் நடுவில் தொடங்கி ஓரத்துக்கு வர வேண்டும். உள்ளே இருப்பது தப்பிப்போக வழி வேண்டும் அல்லவா.

என் தம்பி ஆவ்ராம் இதை வைத்துச் சாராயக் கடையில் எல்லோரையும் சிரிக்க வைப்பான். "சும்மா இருக்கறதுக்குக் கூலி வாங்கறவ எங்க லுக்ரேட்சியா அக்கா ஒருத்திதான். நானும் பொறந்ததுலேர்ந்து சும்மாத்தான் இருக்கேன், ஒரு பய குடுக்கலையே!"

நானும் சிரித்தேன். அதில் எனக்குக் கோபமில்லை.

ஜூனில் கன்றுக்குட்டிக்காக ஓரத்தில் ஒரு துண்டு அறுத்தேன். ஆவ்ராம் மட்டும் பார்த்தான். அடுத்த வாரமே வேளாண் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வந்து அந்த இடத்தில் போய் நின்றாள். மானிய ஒப்பந்தம் ரத்தாகலாம் என்றாள்.

"யாரும்மா சொன்னது?" என்று கேட்டேன்.

"யாரும் சொல்லலைங்க. செயற்கைக்கோள் எடுத்த படத்துலயே தெரியுது."

சொல்லும்போது அவள் பார்வை என் தோளுக்குப் பின்னால் போனது. அந்தப் பக்கம் ஆவ்ராமின் வீடு. எனக்கு அது போதுமாக இருந்தது.

பிறகு அவனைக் கவனிக்கத் தொடங்கினேன். ஒரு நாள் பாலாடைக்கட்டி கொண்டுவந்து கொடுத்தான். இதுவரை இல்லாத பாசம் எதற்கு? கொஞ்ச நாள் கேலி பேசாமல் இருந்தான். மனசாட்சி உறுத்தியிருக்கும். மறுபடி கேலி பேசினான். உறுத்தல் போய்விட்டது.

ஜூலை கடைசி நாளன்று வேலியருகே நின்று, "நாளைக்கு அறுக்கறியாமே அக்கா? நானும் வரேன். தனியா எப்படிப் பொரட்டிப் போடுவே?" என்றான்.

நான் அறுப்பதை அவன் ஏன் பார்க்க வேண்டும்?

மறுநாள் எனக்கு முன்பே வந்துவிட்டான். புல்வெட்டும் கத்திகள் பூட்டிய டிராக்டரை எடுப்பதற்கு முன் நான் புல் முழுவதும் நடந்து பார்த்தேன். குஞ்சுகள் பறந்து போயிருந்தன. ஒரு பறவைகூட இல்லை. நடுவில் புல்லை மிதித்துப் படுக்கை போல ஆக்கி, தொப்பியை முகத்தில் கவிழ்த்து ஆவ்ராம் தூங்கிக்கொண்டிருந்தான். பக்கத்தில் புல் புரட்டும் கவைக்கோலும் பிளம் சாராயமும் இருந்தன. எழுப்பவில்லை.

நீங்கள் கேட்டது சரிதான், இன்ஸ்பெக்டர் ஐயா. ஓரத்திலிருந்துதான் தொடங்கினேன். சுற்றிச் சுற்றி உள்ளே வந்தேன். சத்தம் கேட்டு ஒரு தடவை எழுந்து உட்கார்ந்தான். என்னைப் பார்த்துக் கையசைத்தான். நானும் அசைத்தேன். அவன் இருக்கும் இடம் எனக்குத் தெரியும் என்று புரிந்ததும் நிம்மதியாக மறுபடி படுத்துக்கொண்டான்.

கடைசிச் சுற்றிலும் நான் வேகத்தைக் குறைக்கவில்லை.

அலுவலகத்துக்கு மட்டும் நீங்களே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், ஐயா. ஒரு குஞ்சுகூடச் சாகவில்லை. ஆவ்ராம் இதற்குள் அவர்களிடம் வேறு மாதிரி சொல்லி வைத்திருப்பான்.