பன்னும் டீயும் திறந்த பழைய காயம்

தலைமையேற்றுத் தளராது அமர்ந்திருக்கும் தொழிலாளர் சங்கத் தலைவர் அவர்களே, முழங்கால் வலித்தாலும் முன்வரிசையை விட்டுக்கொடுக்காத பெரியோர்களே, அடுப்பை அணைத்தோமா என்ற யோசனையோடே வந்தமர்ந்திருக்கும் தாய்மார்களே, தோழர்களே, அனைவருக்கும் இந்த மருத்துவரின் அன்பு கனிந்த வணக்கம்!

காய்கனியின் பெருமையைப் பேச அழைத்தீர்கள். என் பிழை ஒன்றைச் சொல்லித்தான் அதைப் பேச முடியும், பொறுத்தருளுங்கள்.

உங்களைப் போல் ஓர் உழைப்பாளி. லிஃப்ட் மெக்கானிக். மனைவியை இழந்து எட்டு மாதம். வெளியூரில் இருக்கும் மகள் வந்து அவரைக் கைத்தாங்கலாக ஆஸ்பத்திரிக்கு அழைத்து வந்தாள். ஈறெல்லாம் ரத்தம். காலெல்லாம் கன்றிப்போன கருநீலத் திட்டுகள். இருபது ஆண்டுக்கு முன் லிஃப்ட் கதவு கிழித்து, தையல் போட்டு, ஆறிப்போன முன்கைத் தழும்பு இருந்ததே, அதுவும் வாய் பிளந்து நின்றது!

"யாராவது அடிச்சாங்களாப்பா? மறைக்காம சொல்லுங்க" என்று மகள் கலங்கினாள்.

"என்னை அடிக்க வீட்டுல யாரும்மா இருக்கா?" என்றார் அவர்.

நான் என்ன செய்தேன்? ரத்தம் எடுத்தேன். எக்ஸ்ரே படம் எடுத்தேன். ரத்தப் புற்றுநோயோ என்ற ஐயத்தை மகளிடம் சொன்னேன். அந்தப் பெண் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற கோலம் இன்னும் என் கண்ணை விட்டு அகலவில்லை. ஒன்றுக்கு மூன்று பரிசோதனை. மூன்றிலும் புற்றுநோய் இல்லை. பின் என்னதான் நோய்? எனக்குத் தெரியவில்லை, தாய்மார்களே!

தெரிந்தது யாருக்கு? வார்டில் சாப்பாட்டுத் தட்டு எடுக்கும் அக்காவுக்கு!

"டாக்டரம்மா, நாலு நாளா பாக்குறேன். ரொட்டிய டீயில நனைச்சுத் தின்னுட்டு மத்ததை அப்படியே வச்சிடுறாரு. காயத் தொடல, பழத்தத் தொடல. வீட்டுல என்னதான் சாப்பிடுவாரோ?"

முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய அந்தக் கேள்வியை அன்றுதான் அவர் கட்டிலருகே உட்கார்ந்து கேட்டேன்.

"அவ போனப்புறம் சமையல்கட்டுப் பக்கமே போகல டாக்டர். அவ அங்க நிக்கிற மாதிரியே இருக்கு. டீக்கடையில நின்னுக்கிட்டே ரெண்டு பன்னு, மூணு வேளையும் அதான்."

"தினமும் போன்ல சாப்பிட்டேன்னு சொன்னீங்களேப்பா!" என்றாள் பக்கத்தில் நின்ற மகள்.

"பொய் சொல்லலையேம்மா. பன்னு சாப்பிட்டேன்ல?"

சிரிக்கிறீர்கள். நாங்களும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே மகள் அழுதாள்.

அந்த நோயின் பெயர் ஸ்கர்வி. வைட்டமின் சி வற்றிப்போன நோய். தோலை, ஈறை, ரத்தக் குழாயை இழுத்துக் கட்டியிருப்பது கொலாஜன் என்னும் புரதம். அது உறுதிப்பட வைட்டமின் சி வேண்டும். ஆடு அதைத் தன் உடலுக்குள்ளேயே செய்துகொள்ளும். நமக்கோ தின்றால்தான் உண்டு! சில மாதம் தின்னாவிட்டால் ஈறு கசியும், ஆறிய தழும்பும் அவிழும். ஏன்? ஆறிவிட்டதென்று நாம் மறந்த காயத்தை உடல் மறப்பதில்லை, தோழர்களே! நாள்தோறும் அதை நெய்துகொண்டே இருக்கிறது. நெய்கிற உடலுக்கு நூல் கொடுத்தோமா?

என்ன, பின்வரிசையில்? மாத்திரை போதாதா? நல்ல கேள்வி! மாத்திரையும் கொடுத்தோம். ஆனால் குடலில் குடியிருக்கும் நல்ல கிருமிகளுக்கு நார்ச்சத்து, ரத்த அழுத்தம் தணியப் பொட்டாசியம், இவையெல்லாம் ஒரு கொய்யாப் பழத்துக்குள் கூட்டமாக வந்து சேருகின்றனவே!

சில நாளில் ஈறு ரத்தம் நின்றது. சில வாரத்தில் தழும்பு மூடியது. மறுபரிசோதனைக்கு வந்தவர் மெல்லச் சொன்னார்:

"மக போன்ல சொல்லச் சொல்ல நானே பீன்ஸ் நறுக்குனேன் டாக்டர். பாதியில அழுகை வந்துருச்சு. அழுது முடிச்சிட்டு மிச்சத்தையும் நறுக்கிட்டேன்."

அதைவிட வீரம் எது? அதைவிட வைத்தியம் எது? இப்படிப் பசிக்கு எதையோ போட்டு நாளைத் தள்ளுகிற ஒருவர் உங்கள் தெருவிலும் இருப்பார், உங்கள் பணிமனையிலும் இருப்பார். அவரைக் கடிந்துகொள்ளாதீர்கள். ஒரு பழத்தை நறுக்கிக்கொண்டு போங்கள். பக்கத்தில் உட்காருங்கள். அவர் தின்னும்வரை நீங்களும் தின்னுங்கள்!

மணி பார்த்தும் மைக்கைப் பிடுங்காத தலைவருக்கும், மனம் வைத்துக் கேட்ட உங்களுக்கும் என் நன்றி. நீடு நலமாக இருங்கள். வணக்கம்!