கொக்கியும் மூன்று புள்ளியும்

மேவிஸ்: தட்டை எடுன்னா எடேன் கோரல். அலமாரிக்கு என்ன காவலா நிக்கிற?

கோரல்: டீ ஆறுது அண்ணி... முதல்ல குடிங்க. ஓட்ஸ் அடை சூடா இருக்கு...

மேவிஸ்: நாலு மணிக்கு எங்க அம்மா வந்திடுவா. தொண்ணூறாவது பிறந்தநாளுக்கு அவ கேட்டது ஒண்ணே ஒண்ணு. உனக்கொண்ணு, எனக்கொண்ணுன்னு பிரிச்சுக் குடுத்தாளே, அந்த ஜப்பான் பாணித் தட்டு ரெண்டும் உன் மேசையில சேர்ந்து இருக்கணும்.

கோரல்: அத்தைக்குத்தான் இப்ப கண்ணு சரியாத் தெரியலையே...

மேவிஸ்: அவளுக்கா? பர்ஸ்லம்காரிடீ, பீங்கான் ஊர்ல பொறந்தவ! போன மாசம் சாவு வீட்டுல, ரொட்டி வெச்ச தட்டைத் தலைக்கு மேல தூக்கி, அடியில எந்தச் சூளை முத்திரைன்னு பார்த்தவ.

கோரல்: நல்லவேளை, சவப்பெட்டியைத் திருப்பல.

மேவிஸ்: சிரிக்காதே! தட்டு வரையறவ ஒவ்வொருத்திக்கும் ஒரு குறி. இதுல அம்மாவைப் பெத்தவளோட குறி இருக்கு. சிவப்புக் கொக்கி, மூணு புள்ளி. ஜப்பான் பக்கம் தலை வெச்சுக்கூடப் படுக்காதவ, கொக்கும் பிளம் பூவுமா வரைஞ்சு தள்ளிட்டு முப்பது வயசுல போய்ச் சேர்ந்தா. ஒரு போட்டோகூட இல்ல. இந்தக் குறிதான் மிச்சம். அம்மா விரலால தடவித் தடவிப் பார்ப்பா.

கோரல்: தடவு... வாங்களா?

மேவிஸ்: ஏன்டி முகம் வெளுக்குது? குடு இப்படி.

கோரல்: பார்த்து, ஈரம்... இல்ல, இப்பத்தான் கழுவினேன்!

மேவிஸ்: கொக்கு சரி... தங்கக் கரை சரி... குறியும் இருக்கு. ஆனா... என்ன வாசனை இது?

கோரல்: அடையோட வாசனையா இருக்கும்...

மேவிஸ்: நகப்பூச்சா?

கோரல்: அண்ணி... உங்க தம்பிக்குக்கூடத் தெரியாது. மார்ச் மாசம் கை நழுவிடுச்சு. துண்டையெல்லாம் கால்வாய்ல போட்டுட்டேன். லீக் ஊர்ச் சந்தையில தேடித் தேடி, இதே கொக்கு, இதே பூ... அடியில மட்டும் வேற எவளோ குறி. சுரண்டிட்டு நானே... அத்தைகிட்டச் சொல்லிடாதீங்க. நொறுங்கிப் போயிடுவாங்க.

மேவிஸ்: எவ்வளவு நேரத்துல காயும்?

கோரல்: எது?

மேவிஸ்: பூச்சுடி!

கோரல்: அரைமணி... ஏன் அண்ணி? ஆமா... உங்க தட்டு எங்க?

மேவிஸ்: பையில. அதுவும் லீக் சந்தைதான்... உன்னோட அசலைப் பார்த்து அப்படியே குறி வெச்சுக்கலாம்னுதான் ஓடி வந்தேன். மணி மூணரை ஆச்சு, அந்தக் குப்பியை எடு!