இரண்டு பூட்டுப் போட்ட குளிர் அறையில் நான் அகப்பட்டது பற்றி

நேற்றுப் பகலில், எனக்கும் என் மனைவியின் அண்ணனுக்கும் கூட்டாகச் சொந்தமான பழக் குளிர் அறைக்குள் நான் இருக்கும்போது, வெளியே இரண்டு பூட்டும் போடப்பட்டன. பூட்டியவர் என் மச்சான். அந்த இரண்டில் ஒன்று என் பூட்டு. அதன் சாவி என் இடுப்பில் இருந்தது.

என் பெயர், தகப்பனார் பெயர், விலாசம் மூன்றும் தலைப்பில் எழுதப்பட்டுள்ளன. வயது ஐம்பத்து மூன்று. தொழில் பழ மொத்த வியாபாரம். மற்றவர் கூடையைத் தலையில் சுமந்து இதே சந்தைக்குள் வந்தவன் நான். இப்போது என் பெட்டியை மற்றவர் சுமக்கிறார்கள். சந்தையில் என்னை 'முதல் கடை' என்று சொன்னால்தான் தெரியும். எனக்கு முன்னால் அங்கே யாரும் ஷட்டர் தூக்கியதில்லை. இதை ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து, காவல் நிலையத்திலிருந்து வந்திருக்கும் தங்களிடம், தெளிந்த புத்தியோடு, எவர் தூண்டுதலும் இல்லாமல் சொல்கிறேன்.

குளிர் அறை நானும் மச்சானும் பாதிக்குப் பாதி போட்டுக் கட்டியது. இரண்டு பூட்டு என்ற யோசனை என்னுடையது. கணக்கு சுத்தமாக இருந்தால் உறவு சுத்தமாக இருக்கும் என்று அப்போது சொன்னேன். அவர், "சரி மாப்பிள்ளை, ரெண்டு என்ன, நாலு போடுங்க, கதவு தாங்கினா சரி" என்று சிரித்தார். அதன் பிறகு கதவுக்கு வெளியே கனமான இரும்புப் பட்டை ஒன்றை அடித்து, அதில் அவர் பூட்டு ஒன்று, என் பூட்டு ஒன்று என்று மாட்டினோம். அறைக்குள்ளிருந்து தள்ளித் திறக்க ஒரு கைப்பிடி உண்டு. பட்டை போட்ட அன்றே அது வெறும் அலங்காரம் ஆகிவிட்டது. அதை நாங்கள் இருவருமே யோசிக்கவில்லை.

பூட்டு இரண்டும் சாவி இல்லாமலே அமுக்கினால் பூட்டிக்கொள்ளும் ரகம். எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. உள்ளே போகிறவர் தன் பூட்டைக் கையோடு எடுத்துக்கொண்டு போக வேண்டும். பட்டையில் ஒரு பூட்டுக் குறைந்தால் உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். இரண்டும் தொங்கினால் உள்ளே யாரும் இல்லை. கடைசியில் வருகிறவர் விளக்கை அணைத்து, இரண்டையும் அமுக்கிவிட்டுப் போகலாம். இத்தனை வருடத்தில் இது ஒரு நாளும் தவறியதில்லை.

மூன்று நாளாக எனக்குக் காய்ச்சல். நேற்றுக் காலை எழுந்து நின்றபோது சுவர் என் பக்கம் சாய்ந்தது. திரும்பவும் உட்கார்ந்துவிட்டேன். அந்த நேரத்தில் மச்சான் போன் செய்தார். "மாப்பிள்ளை, வெளியூர் லாரி வந்து நிக்குது. நீங்க வர வேணாம், படுங்க. சாவிய மட்டும் யார்கிட்டயாவது குடுத்து விடுங்க" என்றார். பார்க்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

என் மனைவி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "குடுத்து விடுங்களேன். கூடப் பொறந்தவன்தான" என்றாள். "உனக்குக் கூடப் பொறந்தவர். எனக்குக் கூட்டாளி" என்றேன். அதன் பிறகு அவள், "சரி, யார்கிட்டயும் குடுக்க வேணாம். நானே போறேன். நானே திறந்து, நானே நின்னு, நானே பூட்டிட்டு வரேன். அப்பவாவது நம்புவீங்களா?" என்றாள். அதற்கு நான், "அண்ணன் கேட்டா நீ சாவிய நீட்டிடுவே" என்றேன். அவள் கையில் வைத்திருந்த வெந்நீர் டம்ளரை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அது எனக்கு எட்டாத இடம்.

போவதா படுப்பதா என்று அதன் பிறகு கட்டிலிலேயே உட்கார்ந்து கணக்குப் போட்டேன். போகாவிட்டால் லாரி காத்திருக்காது. எதிர்க்கடைக்காரரிடம் சரக்கு எடுத்துக்கொண்டு போய்விடும். ஒரு முறை போன வாடிக்கை மறு முறை வழி மறந்துவிடும். சாவியைக் கொடுத்தனுப்பினால் லாரி நிற்கும், ஆனால் ஒரு பூட்டே போதும் என்று நானே ஒப்புக்கொண்டதாகும். தாங்கள் கேட்டதால் சொல்கிறேன், மச்சான் திருடுவார் என்று எனக்குச் சந்தேகம் கிடையாது. அவர் எடுத்தால் சொல்லிவிட்டுத்தான் எடுப்பார். நான் இல்லாமல் ஒரு நாள் வியாபாரம் நடந்து, சாயங்காலம் கணக்கும் சரியாக வந்து சேர்ந்துவிட்டால், நாளைக்கு நான் எதற்கு என்று ஒரு கேள்வி வரும். யாரும் கேட்காவிட்டாலும் எனக்கே வரும். சம்பளக்காரன் என்றால் லீவு சொல்லலாம். முதலாளி யாரிடம் சொல்வது?

அதனால் ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். செருப்பு மாட்டும்போது என் மனைவி வந்து, இரண்டாவது மாத்திரையைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப்பையில் வைத்தாள். "மத்தியானம் போடணும்" என்று மட்டும் சொன்னாள்.

வாடகை வண்டியில் சந்தைக்குப் போனேன். சுமை ஏற்றுபவர், "அண்ணே, கண்ணைப் பாத்தா நம்ம ஆப்பிள் மாதிரியே செவந்திருக்கு, தரம் பிரிச்சு வச்சிரலாமா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மச்சான் மட்டும் சிரிக்காமல் வந்து என் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தார். "சாவிய அனுப்பச் சொன்னா, சாவியோட சாவியா நீங்களும் வந்துட்டீங்க" என்றார். நான் நின்றுகொண்டே கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன். அப்போது அவர், "முடியலன்னா உள்ளயே படுத்துக்கங்க மாப்பிள்ளை, கெட்டுப் போக மாட்டீங்க" என்றார். எதிர்க்கடைக்காரர் தங்களிடம் சொல்லியிருக்கும் வார்த்தை இதுதான். மச்சான் சொன்னது உண்மை. எதிர்க்கடைக்காரர் காதில் விழுந்ததும் உண்மை. ஆனால் அவர் காதுக்கு அந்தப் புறங்கை தெரிந்திருக்காது. இதை அப்படியே எழுதிக்கொள்ளக் கேட்டுக்கொள்கிறேன்.

அதன் பிறகு நான் என் பூட்டைத் திறந்தேன். அவர் தன்னுடையதைத் திறந்தார். லாரிக்கு ஆப்பிள் பெட்டி ஏறியது. ஏற்றி முடிந்ததும் மச்சான் லாரிக்காரரோடு தெருமுனை வரை போனார். நான் வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. மீதிப் பெட்டியை ஒரு தரம் எண்ணிவிட்டுப் போவோம் என்று உள்ளே நுழைந்தேன். அவர் ஏற்கெனவே எண்ணிச் சொல்லியிருந்தார்.

உள்ளே போகும்போது வழக்கப்படி என் பூட்டை எடுத்தேன். அந்த இரும்பு கையில் பட்டதும் உடம்பு தூக்கிப் போட்டது. பல் கிட்டியது. அதைத் திரும்பப் பட்டையிலேயே மாட்டிவிட்டு, வெறுங்கையோடு போனேன். ஒரு நிமிட வேலைதானே என்று நினைத்தேன். தவறு இது ஒன்றுதான், இது என்னுடையது.

உள்ளே போன கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்று, உடம்பு கொதிக்கத் தொடங்கியது. அந்தக் குளிர் இதமாக இருந்தது. மூன்று நாளில் முதல் தடவையாகத் தலைவலி விட்டது. கடைசி அடுக்குக்குப் பின்னால் ஒரு காலிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன். அங்கே உட்கார்ந்தால் வாசலிலிருந்து ஆள் தெரியாது. தூங்கிவிட்டேன். மூடும்போது மச்சான் குரல் கொடுத்ததாகச் சுமை ஏற்றுபவர் சொல்கிறார். என் காதில் விழவில்லை. ஆனால் அவர் கொடுத்திருப்பார், எப்போதும் கொடுப்பவர்.

விழித்தபோது இருட்டு. கால் என்னுடையதாக இல்லை. தடவித் தடவிக் கதவுக்குப் போய்க் கைப்பிடியைத் தள்ளினேன். பட்டை பிடித்துக்கொண்டிருந்தது. கத்தினேன். அந்தக் கதவில் காதை ஒட்டி வைத்தாலொழிய உள்ளே இருக்கும் சத்தம் வெளியே கேட்காது. நல்ல கதவாகப் பார்த்து நானே வாங்கியது. எவ்வளவு நேரம் தட்டினேன் என்று சொல்ல முடியாது. இடுப்பில் சாவி இருக்கிறதா என்று மட்டும் அடிக்கடி தொட்டுப் பார்த்தேன்.

வெளியே நடந்தது நான் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டது. மாத்திரை போட்டேனா என்று கேட்க என் மனைவி என் போனுக்கு அடித்திருக்கிறாள். போன் கடை மேஜையில் கிடந்தது. மச்சான் எடுத்து, "அங்க வரலயா?" என்று கேட்டிருக்கிறார். அவள், "அங்க இல்லயா?" என்று கேட்டிருக்கிறாள். மச்சான் போனை மேஜையிலேயே போட்டுவிட்டு ஓடியிருக்கிறார்.

அதன் பிறகு கதவில் அடி விழுந்தது. மச்சான் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் கேட்டது.

"மாப்பிள்ளை, உள்ளயா இருக்கீங்க?"

"ஆமா."

"உங்க சாவி எங்க?"

"இங்கதான். இடுப்புல."

பட்டையில் பூட்டு இடிக்கும் சத்தம் கேட்டது.

"இன்னொரு சாவி? ரெண்டு வருமே."

"அதுவும் இதே கயித்துலதான்."

கதவின் விளிம்பு முழுக்க ரப்பர். சாவியை வெளியே தள்ள ஒரு நூல் இடம் கிடையாது. அவர் தன் பூட்டைத் திறந்துவிட்டார். அது எனக்குக் கேட்டது. பிறகு குளிரூட்டும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, கடப்பாரையால் என் பூட்டை நெம்பத் தொடங்கினார். சந்தையிலேயே உடைக்க முடியாத பூட்டு எது என்று தேடி வாங்கியது அது. வெல்டிங் பட்டறைக்காரரைக் கூட்டிவர ஆள் ஓடியது.

அதுவரை அவர் என்னைத் தூங்க விடவில்லை. "நடங்க. பெட்டிய எண்ணுங்க. சத்தமா எண்ணுங்க" என்றார். முடியவில்லை என்றேன். "எண்ணத்தான உள்ள போனீங்க? இப்ப எண்ணுங்க. தப்பா எண்ணினா உங்க பங்குல கழிப்பேன்" என்றார். எனக்குக் கோபம் வந்தது. இருட்டில் பெட்டியைத் தொட்டுத் தொட்டு எண்ணினேன். நடுவில் நான் நிறுத்தும்போதெல்லாம் அவர் வெளியிலிருந்து ஒரு தப்பான எண்ணைச் சொல்வார். நான் திருத்துவேன். கடைசியில் நான் தப்பாகச் சொல்ல, அவர் திருத்தவில்லை. கடப்பாரைச் சத்தம் மட்டும் வந்தது.

பட்டறைக்காரர் பட்டையையே அறுத்துக் கதவைத் திறந்தார். மச்சான் தன் சட்டையைக் கழற்றி என் மேல் சுற்றினார். அதில் ரத்தம் இருந்தது. என் ரத்தம் என்று நினைத்தேன். ஆஸ்பத்திரியில் என்னை இறக்கும்போதுதான் அவர் உள்ளங்கை இரண்டிலும் தோல் இல்லாததைப் பார்த்தேன். அறுத்தபோது ரப்பர் கருகியதால் கதவு பிறகு இறுக மூடவில்லை. மீதிச் சரக்கு வந்த விலைக்குப் போயிற்று.

நேற்று மாலை எதிர்க்கடைக்காரர் கொடுத்த தகவலின் பேரில் மச்சானைத் தாங்கள் நிலையத்தில் உட்கார வைத்திருப்பதாக என் மனைவி சொன்னாள். அவர் என்னைக் கொல்ல நினைத்தாரா என்று தாங்கள் கேட்டதற்கு, இல்லை என்பது என் பதில். அவர் மேல் எனக்குப் புகார் எதுவும் கிடையாது. அவரை அனுப்பிவிடக் கேட்டுக்கொள்கிறேன்.

இன்று காலை காவலர் ஒருவர் துணையோடு அவரை இந்தக் கட்டிலுக்கு அழைத்து வந்தார்கள். இரண்டு கையிலும் கட்டு. "உடம்பு எப்படி?" என்றார். "பரவாயில்ல" என்றேன். "நீங்க உண்மையச் சொல்லுவீங்க, எனக்குத் தெரியும். அது முடிஞ்சதும் கூட்டு வேணாம் மாப்பிள்ளை" என்றார். ஏன் என்று கேட்டேன். "இந்தத் தடவ நீங்க உள்ள, நான் வெளிய. அடுத்த தடவ நான் உள்ள இருந்து, நீங்க காய்ச்சல்ல வீட்ல இருந்தா? சாவிய அனுப்புவீங்களா?" என்றார். அனுப்புவேன் என்று சொல்ல வாயெடுத்தேன். என் மனைவி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். சொல்லவில்லை.

கூட்டை விட்டுப் போக வேண்டாம் என்று அவரிடம் இரண்டு முறை சொன்னேன். எனக்குக் கெஞ்சிப் பழக்கம் இல்லாததால், அது விலை பேசுவது போலத்தான் வந்தது. அவரும் அப்படியே எடுத்துக்கொண்டு விலை சொன்னார். என் மனைவியை நடுவில் வரச் சொன்னோம். "என்னைச் சாட்சியா மட்டும் போட்டுக்கங்க. நடுவுல நின்னு பாத்தாச்சு" என்றாள்.

மேலே கண்டவற்றை நிலைய எழுத்தர் எனக்குப் படித்துக் காட்டினார். நான் சொன்னது சொன்னபடியே இருக்கிறது. கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. பின்னால் வழக்கு எதுவும் வராமலிருக்க, நாங்கள் பேசி முடித்ததையும் இதிலேயே சேர்க்கச் சொல்லி, அதற்கும் கீழே கையெழுத்துப் போடுகிறேன்.

கூட்டு இன்றோடு முடிந்தது. கடை எனக்கு, குளிர் அறை அவருக்கு. என் சரக்கை அதில் வைத்தால் வெளியாளுக்கு என்ன வாடகையோ அதே வாடகை. உறவுக்காகத் தள்ளுபடி கிடையாது. உடம்பு முடியாத நாளில் நான் சந்தைக்கு வரக் கூடாது. அன்று என் கடையைத் திறந்து என் சரக்கை அவர் விற்றுத் தருவார். அதற்குக் கமிஷன் உண்டு. அவர் நூற்றுக்குப் பத்துக் கேட்டார். நான் ஐந்து சொன்னேன். ஏழுக்கு முடிந்தது.

(ஒப்பம்)