வெல்கோ தோதரோவின் முதல் இசைத்தட்டு

முப்பத்தோரு வருடம் வாயைத் திறக்காதவளிடம் வந்து பாராட்டு மடல் எழுதச் சொல்கிறார்களே, எந்தக் கையால் எழுதுவேன்? எங்கள் இசைநாடக அரங்கத்தின் இயக்குநர் மித்தேவ் வெள்ளைத் தாளை என் பியானோமேல் வைத்துவிட்டுப் போனதிலிருந்து எனக்குள் ஓடியது இது ஒன்றுதான்.

தான்யூப் கரையின் ஆழ்குரலே! அரசனாகவும் துறவியாகவும் சாத்தானாகவும் எங்கள் மேடையில் நின்று கடைசி வரிசை நாற்காலியையும் அதிரவைத்தவரே! உறைபனி நாட்களிலும் ஒத்திகைக்கு முதல் ஆளாக வந்து, கோட்டைக் கழற்றாமல் வெந்நீர்க் குழாயில் முதுகைச் சாய்த்து நின்றவரே! வெல்கோ தோதரோவ் அவர்களே! இன்று ஓய்வுபெறும் உங்களுக்கு எங்கள் வணக்கம்.

1967இல் தலைநகரத்து ஒலிப்பதிவுக்கூடத்துக்கு நாம் இருவரும் போனோம். உங்களுக்கு இருபத்தொன்பது வயது. படிக்கட்டில் உட்கார்ந்து ஒரே காகிதத்திலிருந்து பாலாடைக்கட்டி அடைத்த பன்னீத்சாப் பலகாரத்தைப் பிய்த்துத் தின்றோம். கடைசியாகப் பதிவானது படகோட்டியின் பாட்டு. படகிலிருந்து கரைக்குத் தாவுகிறவனைப் போல, விளையாட்டாக, விரைவாகப் பாடினீர்கள்.

மூன்று மாதம் கழித்துத் தட்டு வந்தது. உங்கள் சமையலறையில் அதைச் சுழலவிட்டோம். முதல் ஒலியிலேயே என் விரல்களுக்குத் தெரிந்துவிட்டது. என் பியானோ அரைச் சுரம் இறங்கியிருந்தது. தட்டுக்குப் படியெடுக்கும்போது நாடாவை ஓட்டிய இயந்திரம் மெதுவாக ஓடியிருக்கிறது. உங்கள் குரலுக்குள் உங்களுடையதல்லாத ஒரு முதுமை, ஓர் இருட்டு வந்து உட்கார்ந்திருந்தது.

"இது உன் குரலா வெல்கோ? கெணத்துக்குள்ளேருந்து வர்ற மாதிரி இருக்கே!" என்று உங்கள் மனைவி ஸ்லாத்தா நெகிழ்ந்து அழுதார். நீங்கள் அவர் தலையில் முத்தமிட்டீர்கள். நான் காப்பியைக் குடித்தேன். அந்த ஒரு வாய்க் காப்பியோடு, சொல்லியிருக்க வேண்டியதையும் விழுங்கினேன்.

பிறகு ஊர் ஊராக அழைத்தார்கள். எல்லோருக்கும் அந்தத் தட்டில் இருப்பவன்தான் வேண்டும். "அன்னிக்கி நம்மள அறியாமலே எறக்கிப் பாடிட்டோம் போல. இனிமே அரைச் சுரம் கீழயே வாசி, ராதோ" என்றீர்கள். அன்று மாலையே சுரத்தாளை இறக்கி எழுதினேன். அந்தப் பாட்டோடு நிற்கவில்லை. ஒவ்வொரு பாத்திரத்தின் பாட்டையும் என் கைப்படவே இறக்கிக் கொடுத்தேன். மோவாயை நெஞ்சில் அழுத்தி, புகைபிடித்துக் குரலைக் கறுப்பாக்கி, தட்டில் இருந்தவனைத் துரத்தினீர்கள். நாற்பத்தைந்து வயதில் மேல் சுரங்கள் போயின. ஐம்பத்திரண்டில் மருத்துவர்கள் தொண்டையில் கத்தி வைத்தார்கள். நாங்கள் பதக்கம் குத்தினோம்.

இந்த வசந்தத்தில் பழைய பதிவுகளைப் புதிதாக வெளியிடுகிற பொறியாளர் ஒருவர், பின்னணியில் எப்போதும் ஒரே சுரத்தில் கேட்க வேண்டிய மின்சார ரீங்காரத்தை அளந்து பிழையைக் கண்டுபிடித்தார். வேகத்தைச் சரிசெய்து ஒரு படி அனுப்பினார். சிற்றுண்டிச்சாலையில் எல்லோரும் கேட்டோம்.

"அட, யார்றா இந்தப் பொடியன்? நல்லாப் பாடறானே!" என்றார் கோஷ்டிப் பாடகர் பெஞ்சோ. விஷயம் தெரிந்ததும் மேசையைத் தட்டினார். "அப்போ முப்பது வருஷமா மோட்டாருக்கா கைதட்டினோம்? யோவ் வெல்கோ, அந்த மோட்டாருக்கும் ஒரு பதக்கம் குடுக்கச் சொல்லு!"

எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். சூப்புக் கரண்டி மட்டும் கிண்ணத்துக்கும் வாய்க்கும் நடுவில் நின்றுவிட்டது.

அந்தப் பொடியனை எனக்குத் தெரியும். அவன் குரலில் வெயில் இருந்தது. நான்கு நிமிடம் பாடினான். அவனை யாரும் திரும்ப அழைக்கவில்லை. நானும்தான் அழைக்கவில்லை.

நேற்று ஒத்திகை அறைக்கு வந்தீர்கள்.

"மடல்ல ஒரே ஒரு வரி போட்டுடு, ராதோ. அன்னிக்கி அரைச் சுரம் எறக்கித்தான் பதிவு பண்ணினோம்னு. கூட வாசிச்சவ நீ, நீ சொன்னா நம்புவாங்க. பழைய தட்டையே வெளியிடட்டும்."

"அப்படி இல்லன்னு உங்களுக்கே தெரியுமே, வெல்கோ."

"தெரியும். ஆனா பழைய தட்டுல இருக்கறவன விட்டா எனக்கு யாரு இருக்கா? இந்தப் பொடியன வச்சுக்கிட்டு அறுபது வயசுல நான் என்ன பண்றது?"

நாளை காலை எழுந்ததும் எந்தக் குரலில் ஸ்லாத்தாவைக் கூப்பிடுவீர்கள் என்றுதான் இந்தத் தாளின்முன் உட்கார்ந்து யோசிக்கிறேன்.

பெருந்தகையீர்! தொண்டையில் வலியின்றிப் பேசவும், மருத்துவர் முகம் பாராமல் குளிர்காலங்களைக் கடக்கவும், உங்கள் துணைவியாரோடு நீண்ட காலம் வாழவும் வாழ்த்துகிறோம். உங்கள் உழைப்புக்கும், நாங்கள் கேட்டதையெல்லாம் கொடுத்துக் கொடுத்துத் தேய்ந்த அந்தத் தொண்டைக்கும் தலைவணங்குகிறோம். அரங்கத்தார் மனமிருந்தால் இதன் கீழே கையொப்பமிடட்டும். இல்லையென்றால், முதல் நாளிலிருந்தே பிழையை அறிந்திருந்த என்னுடைய பெயர் மட்டும் இருக்கட்டும்.

நீங்கள் கேட்ட வரியை இதில் தேடாதீர்கள். அதை நான் எழுத மாட்டேன், வெல்கோ.

ராதோஸ்தினா,
பியானோ