கனமான எதையும் தூக்கக் கூடாது

இதை எழுதுவதற்கு எனக்கு ஒதுக்கியிருக்கும் அறையில் மின்விசிறி நேராக என் முகத்தில் வீசுகிறது. நாற்காலியைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டேன். புதுத் தோலுக்கு நேர்க்காற்று ஆகாது. நான் வாயால் சொன்னதைக் காவலர் ஒருவர் தட்டச்சு செய்து கொண்டுவந்து காட்டினார். அதில் ‘தள்ளிவிட்டேன்’ என்று இருந்தது. நான் யாரையும் தள்ளவில்லை. ஆகவே வெள்ளைத் தாள் கேட்டு வாங்கி, நானே எழுதுகிறேன்.

என் பெயர் சாந்தாமணி. வயது எழுபது. கோயம்புத்தூரில் ஒரு பெண்கள் பள்ளியில் தமிழாசிரியராகச் சேர்ந்து, தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவள். கணவர் காலமாகிவிட்டார், பிள்ளைகள் இல்லை. வடவள்ளியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் நான்காம் தளத்தில் தனியாக வசிக்கிறேன்.

நடந்ததற்குத் தொடக்கம் ஓர் ஆதார் அட்டை. அதைப் புதுப்பிக்க இ-சேவை மையத்துக்குப் போயிருந்தேன். கருவிழியைப் படமெடுக்கும் கருவியை என் முகத்துக்கு நேரே பிடித்த பெண், “கண்ணத் தொறங்க ஆயா” என்றாள்.

“திறந்துதான் இருக்கிறது” என்றேன்.

“இன்னுங் கொஞ்சம் தொறங்க ஆயா.”

வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர்கள் சிரித்திருந்தால் கடிந்துகொண்டிருப்பேன். அவர்கள் சிரிக்கவில்லை, பரிதாபப்பட்டார்கள். “வயசானா அப்படித்தானுங், வெரல்ல தூக்கிப் புடிச்சுக்குங்க” என்று ஒருவர் வழி சொன்னார். அந்தப் பெண் எழுந்துவந்து, தன் விரல்களாலேயே என் இமைகளைத் தூக்கிப் பிடித்தாள். கருவி உடனே என்னை ஏற்றுக்கொண்டது.

வீட்டுக்கு வந்ததும் கண்ணாடி முன் நின்று நானும் அவ்வாறே தூக்கிப் பார்த்தேன். உள்ளே ஒருத்தி இருந்தாள். நல்ல பெரிய கண்கள். இத்தனை காலமும் எங்கே போயிருந்தாய் என்று கேட்கத் தோன்றியது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மேல் இமையில் தொங்கிய தோலை அறுத்தெடுத்துத் தைத்தார்கள். கீழ் இமையின் பைகளை நீக்கினார்கள். முகத்தின் பழைய தோலை லேசரால் பொசுக்கி எடுத்தார்கள். எந்த மருத்துவமனை என்று நான் சொல்லப்போவதில்லை. அவர்கள் தங்கள் வேலையை மிக ஒழுங்காகச் செய்தவர்கள்.

உறவினருக்கும் அண்டை வீட்டாருக்கும் கண்புரை ஆபரேஷன் என்று சொன்னேன். ஏன் மறைத்தேன் என்று கேட்கலாம். பள்ளி வாயிலில் ஈரத்துணியோடு நின்று மாணவிகளின் கண்மையைத் துடைத்துவிட்டவள் நான். புருவம் திருத்திய பெண்களை வகுப்புக்குள் விட்டதில்லை. கடவுள் கொடுத்த முகத்தைத் திருத்த நீ யார் என்று காலை வழிபாட்டுக் கூட்டத்தில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். வரும் தை மாதம் பள்ளிக்குப் பொன்விழா. முன்னாள் மாணவிகள் எல்லோரும் கூடுகிறார்கள்; மேடையில் எனக்குப் பாராட்டு. அந்த மேடையில் நான் திறந்த கண்களோடு நிற்க வேண்டும். அவை எவ்வாறு திறந்தன என்பதை ஒருவரும் அறியக் கூடாது. என் விருப்பம் இவ்வளவுதான். இதைப் பேராசை என்று நான் கருதவில்லை.

மருத்துவர் விதிகளை வரிசையாகச் சொன்னார். வெயில் படக் கூடாது. மஞ்சள் பூசக் கூடாது. உரியும் தோலைக் கிள்ளக் கூடாது. தலையை உயர்த்தி வைத்தே உறங்க வேண்டும். அழக் கூடாது. குனியக் கூடாது. கனமான எதையும் தூக்கக் கூடாது. தலை வழியாக மாட்டும் உடை கூடாது. முன்பக்கம் பொத்தான் வைத்த உடையே வேண்டும். கஞ்சி போட்ட பருத்திப் புடவையைத் தவிர வேறொன்றும் அறியாத நான், பூப்போட்ட நைட்டி ஒன்று வாங்கினேன். நீல நிறப் பூக்கள். அதைப் போட்டுக்கொண்டு கூடத்தில் நடக்கும்போது அது பாவாடை போல வட்டமாகச் சுழலுமா என்று ஒருமுறை சுற்றிப் பார்த்தேன். சுழன்றது.

முதலில் முகம் வேகவைத்த பீட்ரூட் போல இருந்தது. கண்கள் தவளைக் கண்களாக வீங்கின. நான் கவலைப்படவே இல்லை. ஒவ்வொரு காலையும் களிம்பைத் துடைத்துவிட்டுக் கண்ணாடியைப் பார்ப்பேன். முந்தைய நாளைவிடச் சற்று அதிகமாக அவள் வெளியே வந்திருப்பாள். குளிர்ந்த பையைக் கண்மேல் வைத்துக்கொண்டு, ஆளில்லாத வீட்டில் பாட்டுக்கூட முணுமுணுத்தேன்.

விசாரிக்க வந்தவர்களைக் கறுப்புக் கண்ணாடியோடு வாசலிலேயே நிறுத்தி அனுப்பினேன். காவலாளி திருமலைசாமி மட்டும் அடிக்கடி வந்து நின்றார்.

“ஏனுங்கம்மா, வலிக்குமுங்களா? எனக்கும் ரெண்டு கண்ணுலயும் பொரைன்னு சொல்லிப்போட்டாங்க. சீக்கிரம் பண்ணிக்கச் சொல்றாங்க.”

அவர் செய்துகொண்டால், கண்புரைக்கு என்ன செய்வார்கள் என்பதை அறிந்துகொண்டுவிடுவார். பிறகு என்னைப் பார்த்துச் சில கேள்விகள் கேட்பார். ஆகவே, “அவசரம் வேண்டாம், திருமலைசாமி. பொன்விழா முடியட்டும், நானே அழைத்துப் போகிறேன்” என்றேன். அவர் கைகூப்பிவிட்டுப் படிக்கட்டின் கைப்பிடியைத் தடவித் தடவி இறங்கிப் போனார்.

எதிர்வீட்டுப் பங்காரம்மாவை வாசலில் நிறுத்த இயலவில்லை. என்னைவிடச் சில ஆண்டுகள் இளையவள். மகன் பாலகோபாலோடும் மருமகள் லாஸ்யாவோடும் இருந்தாள். மருமகளோடு சண்டை போடாத நேரமெல்லாம் என் வீட்டில்தான். நாள்தோறும் ரசம் சாதத்தோடு வந்துவிடுவாள். அவளுக்குப் போன ஆண்டு உண்மையாகவே கண்புரை ஆபரேஷன் ஆகியிருந்தது. இதை நான் முன்பே யோசித்திருக்க வேண்டும்.

“ஏனுங் டீச்சர், எனக்கு ஒத்தக் கண்ணு முடிச்சு, அப்பறந்தான அடுத்த கண்ணத் தொட்டாங்க. உங்களுக்கு மட்டும் எப்படிங் ஒரே நாள்ல ரெண்டையும் பண்ணிப்போட்டாங்க?”

“எனக்குப் பொறுமை குறைவு என்று மருத்துவரிடம் சொன்னேன்.”

“அதுஞ் சரித்தான். கண்ணுல பொரைன்னா, கன்னம் எதுக்குங் வெந்த உருளைக்கெழங்காட்டம் உரியுது?”

“மாத்திரைச் சூடு.”

அவள் தலையை ஆட்டிக்கொண்டே ரசத்தை ஊற்றினாள். அவள் ரசம் நன்றாக இருக்கும். பெருங்காயம் மட்டும் ஒரு பொழுதும் அளவோடு போட்டதில்லை.

வீக்கம் வடிந்து, வெளித்தையல் பிரித்த பிறகு, சூரியன் மறைந்ததும் மொட்டைமாடியில் நடக்க அனுமதி கிடைத்தது. உள்தையல் ஆறும்வரை மற்ற விதிகள் தொடரும். மாடியில் கைப்பிடிச் சுவரின் ஒரு பகுதியைப் பழுது பார்ப்பதற்காக இடித்து, முழங்கால் உயரத்தோடு விட்டிருந்தார்கள். குடியிருப்போர் சங்கத்துக்கு நான் பலமுறை நினைவூட்டியிருக்கிறேன். இதற்கு அவர்களும் பொறுப்பு என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன்.

அன்று மாலை மருதமலைப் படிக்கட்டு விளக்குகள் அப்போதுதான் எரியத் தொடங்கியிருந்தன. யாரும் இல்லையென்று கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, நீலப்பூ நைட்டியில், முடியை விரித்துவிட்டு நடந்துகொண்டிருந்தேன். காற்று இதமாக இருந்தது. மாடி விளக்கைப் போட்டுவிட்டுப் பங்காரம்மா வந்தாள். கொடியில் கிடந்த துணிகளை எடுக்க வந்தவள், என் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டாள். அருகில் வந்தாள். என் தாடையைப் பிடித்து விளக்கின் பக்கம் திருப்பினாள்.

“அட சாமி. எமையை அறுத்துத் தெச்சிருக்கீங்க. என்ற அண்ணன் மருமவ ஹைதராபாத்துல இதேதான பண்ணிட்டு வந்தா.”

அவள் கையிலிருந்து தாடையை விடுவித்துக்கொண்டேன்.

“எத்தனை புள்ளைங்க கண்மையத் தொடச்சீங்க டீச்சர் நீங்க. ஒரு வண்டி மை தேறுமுங். பொரையாம் பொரை.”

அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. துணிகளைக் கீழே போட்டுவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இமை இழுத்துக்கொண்டு வலித்தது. “சிரிக்க வைக்காதே, தையல் பிரிந்துவிடும்” என்றேன். அதைக் கேட்டு இன்னும் சிரித்தாள். இரண்டு பேரும் பள்ளி விட்டுப் போகும் சிறுமிகள் போல ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றோம். என் வாழ்க்கையில் யாரோடும் அப்படிச் சிரித்ததில்லை.

“அழகாத்தானுங் இருக்கு” என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. “எனக்கும் பண்ணி உடச் சொல்லுங். பொன்விழாவுக்கு அக்கா தங்கச்சியாட்டம் போலாம்.”

“யாரிடமும் சொல்லக் கூடாது, பங்காரம்மா.”

“சத்தியமாச் சொல்லமாட்டனுங். ஒருத்தர்கிட்டயும் மூச்சு உடமாட்டேன்.” அப்போது கீழே வாயிலருகே திருமலைசாமி நாற்காலியை நகர்த்தும் சத்தம் கேட்டது. “அவங்கிட்ட மட்டும் சொல்லிப்போடறேன். பாவம், அவனும் கண்ணு கண்ணுன்னு கெடக்கறான்.”

அவள் தீய எண்ணத்தோடு சொல்லவில்லை. மகிழ்ச்சியைத் தன்னிடமே வைத்துக்கொள்ளத் தெரியாதவள், அவ்வளவுதான். இடிந்த சுவரருகே போய், அதன்மேல் கைகளை ஊன்றி, உடலைப் பாதி வெளியே நீட்டி, “ஏ திருமலைசாமி” என்று கூப்பிட்டாள்.

நான் குனிந்தேன். அவளுடைய கணுக்கால்களைப் பிடித்தேன். தூக்கினேன்.

தள்ளினேன் என்பது பிழை என்று தொடக்கத்தில் சொன்னது இதனால்தான். மருத்துவர் விதித்தவற்றுள் நான் மீறியவை இவ்விரண்டு மட்டுமே. அவள் நான் எதிர்பார்த்ததைவிடக் கனம் குறைவாக இருந்தாள். தையலுக்கு எந்தத் தீங்கும் நேரவில்லை. அடுத்த முறை பார்த்தபோது, நன்றாக ஆறிவருகிறது என்று மருத்துவர் பாராட்டினார்.

அவளுடைய செருப்பில் ஒன்று என் கையோடு வந்துவிட்டது. எட்டிப் பார்த்தேன். பிறகு, அவள் போட்ட துணிகளை மடித்து வைத்தேன். ஒற்றைச் செருப்பை மாடியில் போட்டுவிட்டுப் போவது ஒழுங்கில்லை என்பதால் வீட்டுக்குக் கொண்டுவந்து, செருப்பு அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்தேன். புடவை கட்டி, கறுப்புக் கண்ணாடி அணிந்து கீழே போனேன். “நீங்க எதுக்குங் டீச்சர் வந்தீங்க, கண்ணுக்கு ஆகாது” என்று எல்லோரும் என்னைத் திருப்பி அனுப்பினார்கள். நான் அழவில்லை. உப்புநீர் புதுத் தோலுக்கு ஆகாது.

விஷயம் அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் திருமலைசாமி காவல்துறையினரிடம் ஒன்று சொல்லிவிட்டார். பங்காரம்மா கூப்பிட்டதும் அண்ணாந்து பார்த்தாராம். மாடியில் அவளுக்குப் பின்னால் ஒரு பெண் நின்றிருந்தாளாம். பூப்போட்ட நைட்டியாம். குடியிருப்பே லாஸ்யாவைப் பார்த்தது. மாமியாரோடு அவள் போட்ட சண்டைகள் எல்லோருக்கும் தெரியும், நைட்டிகளும் தெரியும். அவளை விசாரணைக்கு அழைத்துப் போனார்கள்.

நான் திருமலைசாமியை வீட்டுக்குக் கூப்பிட்டுக் காபி கொடுத்தேன்.

“நன்றாகப் பார்த்தீர்களா?”

“பாத்தனுங்கம்மா. பெரிய கண்ணுங்க. மொகம் வெளக்கேத்தி வெச்சாப்ல பளபளன்னு இருந்துதுங்.”

“வயது?”

“முப்பத்தஞ்சு இருக்குமுங்.”

“யோசித்துச் சொல்லுங்கள். நாற்பதா?”

“நாப்பதெல்லாம் இல்லீங்கம்மா. முப்பத்தஞ்சுதான்.”

இன்னொரு தம்ளர் காபி கொடுத்து, மறுபடியும் முதலிலிருந்து சொல்லச் சொன்னேன்.

அதன் பிறகு எனக்கு வேறு நினைவே இல்லை. லாஸ்யா நல்ல பெண்தான். ஆனால் அவள் கண்களுக்குக் கீழே இந்த வயதிலேயே பை விழுந்திருக்கிறது. முகத்தில் பொலிவு இல்லை. அந்த வருணனையைக் கொண்டுபோய் அவள்மேல் ஏற்றுவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. ஒரு நிரபராதி துன்பப்படக் கூடாது என்பதே என் ஒரே நோக்கம். குடையை விரித்துக்கொண்டு, ஆட்டோ பிடித்து, காவல் நிலையத்துக்கு வந்தேன்.

சார்பு ஆய்வாளர் சாய்ப்ரியா என் மாணவி. எழுந்து நின்று நாற்காலி போட்டாள். கண்மை சற்றுக் கலைந்திருந்தது, நான் சுட்டிக்காட்டவில்லை. நான் சொன்னதை முழுவதும் கேட்டுவிட்டு, மெதுவாகச் சொன்னாள்:

“டீச்சர், லாஸ்யாவைக் காலையிலயே ஊட்டுக்கு அனுப்பிச்சுட்டமுங்க. சொவரு இல்லாததால தவறி விழுந்துட்டாங்கன்னு கேஸை முடிக்கப்போறோம். அந்த வாட்ச்மேன் சாட்சி நிக்காதுங்க. நாலாவது மாடிக்கும் மேல, மங்கின நேரம், அவருக்கு ரெண்டு கண்ணுலயும் பொரை. உங்க சிநேகிதி போயிட்ட வருத்தத்துல ஏதேதோ நெனைக்கறீங்க. வயசான காலத்துல இப்படித்தான் இருக்கும். ஆட்டோ கூப்பிடறேன், ஊட்டுக்குப் போங்க.”

நான் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினேன். இமையின் கோட்டைக் காட்டினேன். செருப்பு எந்தத் தட்டில் இருக்கிறது என்பதையும் சொன்னேன். அந்த ஒற்றைச் செருப்பை அவர்கள் தேடிக்கொண்டிருந்தார்களாம். சாய்ப்ரியா நீண்ட நேரம் என்னைப் பார்த்தாள். பிறகு காவலர்களை என் வீட்டுக்கு அனுப்பினாள். இப்போது என்னைப் படமெடுக்க வரப்போகிறார்கள். வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து வரட்டும் என்று கேட்டிருக்கிறேன்.

“பேசாம இருந்திருந்தா ஊட்டுக்குப் போயிருப்பீங்களே டீச்சர், அந்த ஆளுக்குத்தான் ரெண்டு கண்ணுலயும் பொரையாச்சே” என்று அவள் திரும்பத் திரும்பச் சொல்கிறாள். வகுப்பிலும் அவள் இப்படித்தான்; பாதியை மட்டும் புரிந்துகொள்வாள். இரண்டு கண்களிலும் புரை விழுந்தவருக்கே முப்பத்தைந்தாகத் தெரிந்த முகம், பார்வை தெளிந்தவர்களுக்கு எவ்வாறு தெரியும் என்பதை அவள் எண்ணிப் பார்க்கவே இல்லை.